போகட்டும் விடு

போன வருடம் முசிறி வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஓடாத மின்விசிறி, கைப்பிடி போன குத்துவிளக்கு, ஓரம் பிரிந்த இரண்டு கோரைப்பாய்கள். இவற்றுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பதினொரு வீடியோ கேசட்டுகள். முதுகில் ஒட்டிய தாளில் அப்பாவின் கையெழுத்து: ‘கதை நேரம் – 1’, ‘கதை நேரம் – 2’ என்று வரிசையாக. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. போட்டுப் பார்க்க வீட்டில் டெக்கும் இல்லை. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டெக் எப்போதோ போய்விட்டது.

வாசலில் பழைய இரும்புக்காரர் நின்றிருந்தார். ‘கேசட்டுக்கெல்லாம் காசு கெடையாது தம்பி’ என்றார். ‘சும்மாவே எடுத்துக்குங்கண்ணே’ என்றேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார். ‘பரண்ல ஒரு பொட்டி இருந்துச்சே, எங்கடா?’

‘போட்டுட்டேன்ப்பா. எல்லாம் பூஞ்சை. அதெல்லாம் யூடியூப்லயே இருக்கும்.’

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘சரி, போகட்டும் விடு’ என்றார்.

அன்று இரவு யூடியூபில் தேடினேன். சில கதைகள் கிடைத்தன. கலங்கலாக, முகங்கள் கரைந்து, ஒலி எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. எனக்கு நினைவிருந்த வேறு சில கிடைக்கவே இல்லை. அவை வேறு யாரிடமாவது இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் இருந்ததை, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கொடுத்தது நான்தான். அப்பா மன்னித்துவிட்டார். அப்படியானால் விஷயம் முடிந்ததா? முடியவில்லை என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன். ஒரு படைப்பு அழிந்துபோகும்போது ‘போகட்டும் விடு’ என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

*

‘கதை நேரம்’ பாலு மகேந்திரா சன் டிவிக்காக எடுத்த தொடர். தொடர் என்றால் வழக்கமான மெகா சீரியல் இல்லை. வாரம் ஒரு சிறுகதை, மொத்தம் 52. சுஜாதா, மாலன் போன்றவர்களின் கதைகள் அரை மணி நேரத்துக்குள் அடங்கும் சிறிய படங்களாக வந்தன. மாமியார் மருமகள் சண்டை ஐந்நூறு எபிசோடு ஓடத் தொடங்கியிருந்த காலத்தில், மூன்றாம் பிறை எடுத்த மனிதர் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரை உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ‘இதுல ஃபைட்டே வராதாப்பா?’ என்று கேட்டது நினைவிருக்கிறது.

அவர் எங்கிருந்து அந்த இடத்துக்கு வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1939இல் இலங்கையின் மட்டக்களப்பை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தவர். மாணவப் பருவத்தில் ஒரு சுற்றுலாவின்போது, டேவிட் லீன் இலங்கையில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பு நடத்துவதை வேடிக்கை பார்த்திருக்கிறார். இயக்குநர் ‘மழை’ என்று சத்தம் போட்டதும் மழை பெய்ததாம். கடவுளுக்கு அடுத்து மழை பெய்யவைக்கக்கூடியவர் இயக்குநர்தான் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. தான் சினிமாவுக்கு வந்த கதையாக இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். ராமு காரியத்தின் ‘நெல்லு’ படத்தின் ஒளிப்பதிவுக்குக் கேரள அரசு விருது கிடைத்தது. 1977இல் கன்னடத்தில் ‘கோகிலா’ மூலம் இயக்குநரானார். அடுத்த ஆண்டு மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு. 1979இல் ‘அழியாத கோலங்கள்’. பிறகு ‘மூடுபனி’, ‘மூன்றாம் பிறை’. மணிரத்னம் முதன்முதலில் இயக்கிய ‘பல்லவி அனு பல்லவி’யின் கேமராவும் இவர்தான். கேமரா, எழுத்து, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்வது இங்கே அபூர்வம். தன் படங்களில் பெரும்பாலானவற்றை அவர் அப்படித்தான் செய்தார்.

அவருடைய பாதையைக் கவனித்தால் ஒன்று தெரியும். வெற்றி வர வர மனிதர்கள் பெரிதாகக் கேட்பார்கள்: பெரிய செட், பெரிய நட்சத்திரம். இவர் நடுவில் கமர்ஷியல் படங்களும் செய்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் தன் விருப்பப்படி எடுத்தபோதெல்லாம் சிறியதாகக் கேட்டார். 1988இல் ‘வீடு’. அலுவலகத்துக்குப் போகும் ஒரு பெண், வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். பாட்டு கிடையாது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வந்தது. அடுத்து 1989இல் தூர்தர்ஷனுக்காக ‘சந்தியா ராகம்’. மனைவியை இழந்து, கிராமத்திலிருந்து சென்னையில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு வந்துசேரும் ஒரு முதியவர். இரண்டு படங்களிலும் அந்த முதியவர் சொக்கலிங்க பாகவதர். அவர் தாத்தாவாக நடிக்கிறார் என்றே தோன்றாது. நம் வீட்டுத் திண்ணையில் யாரோ கேமராவை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும்.

அதன் பிறகு 52 சிறுகதைகள். அன்றைய தொலைக்காட்சியில் வந்தது வந்த நேரத்தோடு சரி. அந்த அரை மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் அந்தக் கதை உங்களுக்கு இல்லை. ரீவைண்ட் கிடையாது, மறுநாள் மொபைலில் பார்ப்பது கிடையாது. அவ்வளவு சீக்கிரம் கரைந்துபோகும் ஒன்றில், ஜன்னல் திரையின் வழியாக வரும் வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழ வேண்டும் என்று ஒரு மனிதர் கவலைப்பட்டிருக்கிறார்.

*

எங்கள் ஊர்ப் பக்கம் காவிரிக்கரையில் கோரை விளையும். அறுத்து, கிழித்து, வெயிலில் காயப்போட்டு, சாயம் ஏற்றி, பாய் நெய்வார்கள். எவ்வளவு நல்ல பாயும் சில வருடங்களில் ஓரம் பிரிந்துவிடும். நெய்கிறவருக்கு அது தெரியும். இருந்தாலும் கரையைச் சரியாகத்தான் மடிப்பார். ‘எப்படியும் பிய்யப்போகுது’ என்று மடிக்காமல் விடமாட்டார். நல்ல வேலைக்கும் நிரந்தரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆகவே என் முதல் சமாதானம் இதுதான்: கலைஞனின் வேலை செய்வது மட்டும். நிலைப்பதும் நிலைக்காததும் அவன் கையில் இல்லை. வாசலில் போடும் கோலம் பத்து மணிக்குள் கால்பட்டு அழிகிறது, அதற்காக யாரும் அழுவதில்லை. ‘கதை நேரம்’ ஒரு கோலம். அப்பா பார்த்தார், நான் பார்த்தேன், முடிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாலு மகேந்திராவே இதை ஏற்கவில்லை என்பதுதான் சிக்கல்.

‘வீடு’ படத்தின் நெகட்டிவ் இன்று இல்லை. ‘சந்தியா ராகம்’ நெகட்டிவும் இல்லை. இதை அவரே மேடைகளில் சொல்லி வருந்தினார். தேசிய விருது வாங்கிய படங்கள், அதுவும் நூறு வருடத்துக்கு முந்தியவை அல்ல. நம் தலைமுறை பிறந்த காலத்தில் எடுத்தவை. தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். 

நெகட்டிவ் எப்படி அழிகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. படச்சுருளைக் குளிர்ச்சியும் ஈரமின்மையும் உள்ள அறையில் வைக்க வேண்டும். சென்னையின் வெக்கையிலும் புழுக்கத்திலும் வைத்தால் வண்ணம் மங்கும், அசிடேட் சுருள் சிதைந்து காடி வாடை அடிக்கும், சுருங்கும், ஒட்டிக்கொள்ளும். படம் ஓடி முடிந்த பிறகு அந்தக் குளிர் அறைக்கு யார் பணம் கட்டுவது? தயாரிப்பாளர் அடுத்த படத்துக்குப் போயிருப்பார், அல்லது தொழிலையே விட்டிருப்பார். லேபுக்கு அது இடத்தை அடைக்கும் டப்பா. இயக்குநருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. ஒருவரும் கொலை செய்யவில்லை. எல்லோரும் ‘நம்ம வேலை இல்ல’ என்று நகர்ந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் கோலம் உவமை உடைகிறது. அழிவது கோலத்தின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நாளைக்கு அதே கை, அதே வாசலில், வேறொன்றைப் போடும். ‘வீடு’ அப்படி இல்லை. சொக்கலிங்க பாகவதர் திரும்ப வந்து, பாதி கட்டிய அந்த வீட்டை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கப்போவதில்லை. நிலைக்க வேண்டும் என்றே செய்த ஒன்றை நாம் கைவிட்டுவிட்டு, ‘கலை என்றாலே கணநேரம்தானே’ என்று தத்துவம் பேசுவது, கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனிடம் ‘பணம் மாயை’ என்று சொல்வதுபோல.

பற்றின்மை ஒரு நல்ல குணம்தான். ஆனால் அது யாருடைய பொருளின் மீதான பற்றின்மை என்று கேட்க வேண்டும். தன் உழைப்பைப் பற்றி ‘போகட்டும்’ என்றால் அது பக்குவம். அடுத்தவர் உழைப்பு நம் கையில் இருக்கும்போது நாம் ‘போகட்டும்’ என்றால் அதன் பெயர் அலட்சியம். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றுதான் என்பதால் இரண்டாவது முதலாவதின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது.

*

இது நமக்குப் புதிதும் இல்லை. ஆடிப்பெருக்கில் பழைய ஓலைச்சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கம் இங்கே இருந்தது. எறிந்தவர்கள் முரடர்கள் இல்லை. பக்தியோடு, மஞ்சள் பூசி, வாத்தியம் வாசித்துக்கூட விட்டிருப்பார்கள். உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போனபோது, பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அதைக் கேட்டு அவர் பட்ட வேதனையைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எரித்தவர்களுக்கு அது புண்ணியம். என்ன ஏடு என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சினிமாவிலும் அதே கதை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. பிரதி இல்லை. அதற்கு முன்பு நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். அதுவும் இல்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் மிஞ்சியவை ஒரு கைப்பிடி. படச்சுருளில் இருக்கும் வெள்ளிக்காகவே பல உருக்கப்பட்டன.

‘நம்ம ஊர்லதான் இப்படி’ என்றும் சொல்ல முடியாது. பிபிசி 1960களிலும் 70களிலும் தன் நிகழ்ச்சிகளின் நாடாக்களை அழித்து, மேலே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. நாடா விலை அதிகம், அலமாரியில் இடம் குறைவு. ‘டாக்டர் ஹூ’ தொடரில் பல பத்து எபிசோடுகள் அப்படிக் காணாமல் போயின. மனிதன் நிலவில் இறங்கியபோது பதிவான மூல நாடாக்களையே நாசா அழித்துத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் ‘டாக்டர் ஹூ’ விஷயத்தில் ஒன்று நடந்தது. டிவிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துச் சில ரசிகர்கள் ஒலியை மட்டும் பதிவு செய்திருந்தார்கள். காணாமல் போன எபிசோடுகளின் ஒலி இன்று முழுமையாக இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். நிறுவனம் அழித்ததை, கூடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ காப்பாற்றினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பதினொரு கேசட்டுகளும், ஒட்டிய தாளில் இருந்த கையெழுத்தும் நினைவுக்கு வந்தன. அப்பா ஆவணக் காப்பாளர் இல்லை. பிடித்தது, பதிவு பண்ணினார். ஆனால் அவர் செய்தது அந்த வேலைதான். நான் செய்தது நாசா வேலை.

*

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா? நான் சாஃப்ட்வேர்காரன். டேட்டாவை எத்தனை நாள் வைப்பது, எப்போது அழிப்பது என்று விதி எழுதுவது என் தொழிலில் ஒரு பகுதி. சேமிப்புக்குச் செலவு உண்டு, எல்லாவற்றையும் வைத்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மறதி இல்லாத மனிதனும் நோயாளிதான். நம் வீட்டுப் பரண்கள் தாங்காது.

பூனாவில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியபோதிருந்து அதைக் கட்டி எழுப்பிய பி.கே.நாயர் இதற்கு நேரெதிர். நல்ல படம், மோசமான படம் என்று தரம் பிரிப்பது காப்பாளரின் வேலை இல்லை, கிடைப்பதையெல்லாம் சேகரி என்பது அவர் கட்சி. அவர் நிலையில் அது சரி. இன்று குப்பை என்று தோன்றுவது நாளை என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் தனி மனிதர்களான நம்மிடம் அவ்வளவு பெரிய கடமையைச் சுமத்த முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் வந்துசேரும் இடம் அதைவிடச் சிறியது. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பது கடமை இல்லை. பார்க்காமல் எறியக் கூடாது என்பது கடமை. எங்கள் வேலையில்கூட ஒரு பழைய டேபிளை அழிப்பதற்கு முன்னால் அதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டாக வேண்டும், வேறு பிரதி இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அலுவலகத்தில் ஒருபோதும் நான் செய்யாத தப்பை வீட்டுப் பரணில் செய்தேன். ‘யூடியூப்ல இருக்கும்’ என்றேனே, அந்த ‘இருக்கும்’தான் தப்பு. ‘இருக்கா?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறார்கள். படம் போனால் என்ன, பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று அவர் பட்டறையிலிருந்து வந்தவர்களின் படங்களில் அவர் இருக்கிறாரே என்று. உண்மைதான், மரபு அப்படித்தான் கடத்தப்படுகிறது. ஆனால் பேரனின் மூக்கைப் பார்த்துத் தாத்தாவின் முகத்தை வரைய முடியாது. சேமிப்பது என்றால் வழிபடுவது என்றும் அர்த்தம் இல்லை. ‘மூடுபனி’ பெண்களை எப்படிப் பார்க்கிறது என்று இன்று ஒருவர் அவரோடு சண்டை போட விரும்பலாம். நியாயமான சண்டை. அதற்கும் படம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புகழ்வதும் வதந்தி, திட்டுவதும் வதந்தி.

*

‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரியும். நினைவு திரும்பிய விஜி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் குழந்தையைப்போலப் பார்த்துக்கொண்ட சீனு, தன்னை நினைவூட்டப் பிளாட்பாரத்தில் குரங்குபோலக் குதித்துக் காட்டுகிறான். யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள். ரயில் கிளம்புகிறது.

சின்ன வயதில் விஜி மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளுக்குத் தெரியாது. அந்த நாட்களின் பிரதி அவளிடம் இல்லை. தப்பில்லாத மறதி என்று ஒன்று இருக்கிறது என்பதால்தான் அந்தக் காட்சி அப்படி வலிக்கிறது. கோபித்துக்கொள்ள ஆளில்லாத துக்கம் அது.

நம் மறதி அந்த வகை இல்லை. நமக்குத் தலையில் அடிபடவில்லை. கேட்டவர் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 2013 டிசம்பரில் ‘தலைமுறைகள்’ வந்தது. முதல் தடவையாக அவரே நடித்தார், தமிழ் தெரியாத பேரனுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் தாத்தாவாக. சில வாரங்களில், 2014 பிப்ரவரி 13 அன்று, காலமானார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்கு வந்தபோது அவர் இல்லை.

இந்த வருடம் பொங்கலுக்கு முசிறி போயிருந்தேன். பரணில் இன்னொரு பெட்டி மிச்சம் இருந்தது, அப்பாவின் பழைய டைரிகளும் கொஞ்சம் ஆடியோ கேசட்டுகளும். கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, செத்துப்போன நாய்க்குட்டியின் பிறந்த தேதி. சிலவற்றைத் தூக்கிப் போடலாம் என்று முடிவு செய்தேன், அப்பாவிடம் கேட்டுவிட்டு. சிலவற்றை வைத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை ஆனது.

2000ஆம் வருட டைரியில் ஒரு பக்கத்தில் ‘இன்று கதை நேரம். கரண்ட் இல்லை’ என்று எழுதியிருந்தார்.

அப்பா எட்டிப் பார்த்து, ‘இதையெல்லாம் எதுக்குடா ஒக்காந்து படிச்சிட்டு இருக்க, போகட்டும் விடு’ என்றார்.

‘நீங்க விடலாம்ப்பா’ என்றேன். ‘நான் விடக் கூடாது.’